வெறும் படுக்கையின் படம்

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, யாருமே படுத்திராத படுக்கையின் படத்தில் ஒரு கறை இருந்தது.

தினமும் முதல் வேலையாக மெர்ரின் டோல்ஹர்ஸ்ட் வெறும் படுக்கையைத்தான் படம் எடுப்பாள். ஆளில்லை, மருந்தில்லை, ஸ்கேன் இயந்திரமும் படுக்கையும் மட்டும். பத்து நிமிடம் ஓடவிட்டால் திரை முழுக்கச் சாம்பல் புள்ளிகள் ஒரே சீராகத் தூவிக் கிடக்க வேண்டும். கிடந்தால் ஏட்டில் 'நலம்' என்று எழுதிவிட்டு டீ போடப் போகலாம். பதினான்கு வருடமாக அப்படித்தான் கிடந்தது. இன்று வலது ஓரத்தில், தலை வைக்கும் இடத்துக்கு ஒரு கை தள்ளி, எலுமிச்சை அளவுக்கு மங்கலாக ஒரு வெளிச்சம்.

பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை யாரோ மருந்தைச் சிந்திவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிப் போகும் மருந்து அது, திங்கட்கிழமைவரை தாங்காது என்பது அவளுக்கே தெரியும். இருந்தாலும் கையுறை மாட்டிக்கொண்டு, கிருமிநாசினி வாடை மூக்கில் ஏற, மெத்தையையும் விளிம்பையும் அடிக்கம்பியையும் அழுத்தித் துடைத்தாள். கதிர்மானியை மேலே கொண்டு போனபோது அது எப்போதும் போலச் சோம்பேறித்தனமாக இரண்டு தடவை சொடுக்கிவிட்டு அடங்கியது. மேல்மாடிக்குப் போன் போட்டாள். அங்கே மருந்து தயாரிப்பவன் வசில். அவனுடைய தாத்தா காலத்தில் மாசிடோனியாவிலிருந்து மெல்போர்னுக்கு வந்த குடும்பம்.

"வசில், உன் மருந்து ஏதாவது என் படுக்கையில கொட்டிக் கிடக்கா?"

"அம்மா தாயே, நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல. வந்ததும் வராததுமா என் தலையிலயா?"

"ஓரத்துல ஒரு கறை தெரியுதுப்பா."

"துடை. போகலன்னா மறுபடி துடை. அதுக்கும் போகலன்னா, இன்னிக்குத் திங்கட்கிழமை, போகட்டும்னு விட்டுடு."

மறுபடி பத்து நிமிடம் ஓடவிட்டாள். கறை போகவில்லை. நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கும் அறையைப் பார்த்து. மெர்ரின் பேனாவை எடுத்தாள். பிறகு ஏட்டில் 'நலம்' என்று எழுதினாள்.

வேலையில் பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு மூன்று வாரம் முன்புதான் வந்தது.

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த இரண்டு அறைகளில் நடப்பது மனச்சிதைவு பற்றிய ஆராய்ச்சி. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் எங்கே வேலை செய்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு ஒளிர்வது வசிலின் மருந்து. அதை ஊசியில் ஏற்றி, தலை அசையாதபடி முகத்தில் வலை முகமூடி பூட்டி, ஒரு மணி நேரம் படம் எடுப்பார்கள். நோயாளிகளின் படத்தையும் நோயில்லாதவர்களின் படத்தையும் டாக்டர் ஹெஸ்டர் குவேஃப் ஒப்பிடுவார். நோயாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள். நோயில்லாதவர்கள்தான் காலை வாருவார்கள். அப்போது மருந்து குழாய் வழியே கீழே வந்து நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம்: ஆள் வராவிட்டால், கையில் வேலை இல்லாத ஊழியர் யாராவது ஏறிப் படுத்துக்கொள்வார்கள். வசில் நான்காம் எண். ஹெஸ்டரே ஒன்பதாம் எண்.

மூன்று வாரம் முன்பு, அந்த நாளில், ஒன்பது மணி நோயாளி கோரின். மெர்ரினின் தம்பி. ஒரே அம்மா, வேறு வேறு அப்பா. குடும்பப் பெயர் வேறு என்பதால் யாருக்கும் தெரியாது. ஊழியர்களின் உறவினர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் கோரின் கேட்டுக்கொண்டே இருந்தான். "பதினோரு வருஷமா தலைக்குள்ள ஒரு ஆளு இருக்கான்னு சொல்றேன். ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா?" கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள். அன்று அவன் அவளை 'மிஸ்' என்று கூப்பிட்டு, அடக்க முடியாத சிரிப்போடு படுத்து, எழுந்து, போனான்.

பதினொன்றரை மணிக்காரர் வரவில்லை. மருந்து வந்துவிட்டது. ஹெஸ்டர் ஊசியும் கையுமாக நின்று, "மெர்ரின், நீ ஏறிடறியா? குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்கா? சீக்கிரம்" என்றார். இருக்கிறது என்றால் கோரின் யார் என்பது வெளியே வரும். "இல்ல" என்றாள். ஹெஸ்டர் படிவத்தில் கோடு போட்டார். பதினாறாம் எண்.

கோரின் எழுந்து போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் படுக்கை அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. வெந்நீரில் முக்கிய வலையை முகத்தில் போட்டு அழுத்தினார்கள். அது இறுகி நெற்றியையும் தாடையையும் பிடித்துக்கொண்டது. ஊசி போட்டுவிட்டு எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள். கடைசிப் பத்து நிமிடம் அவளுடைய வலது காதில் மெல்லக் காற்று பட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு. வெதுவெதுப்பாக. இயந்திரத்தின் விசிறி என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கோரினை முதன்முதலில் மருத்துவமனையில் சேர்த்த நாளில் ஒரு டாக்டர் போகிற போக்கில் அவளிடம் சொன்னார்: பெண்களுக்குச் சில சமயம் இந்த நோய் நாற்பத்தைந்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டும்போது மெர்ரின் உள்ளுக்குள் காது கொடுத்துக் கேட்பாள், ஏதாவது சத்தம் வருகிறதா என்று. உலகத்தில் அவள் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த வாரம் அவள் எடுத்த நாளெல்லாம் கறை வந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் வெறும் படுக்கையை வசில் எடுத்தான். படம் சுத்தமாக இருந்தது. புதன்கிழமை அவள் எடுத்தபோது கறை இருந்தது, எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து. மாலை டிராமில் கூட்டம் கதவு வரை நெரிந்தது. ஈரக் கோட்டுகளின் நாற்றமும், யாரோ தின்ற சாசேஜ் ரோலின் கொழுப்பு வாடையுமாக ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அவளுக்கு வலப்பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் அதன் அருகே வந்து, உட்காரக் குனிந்து, "ஓ, மன்னிச்சுக்கம்மா" என்று அந்தக் காலி இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்து போனார்.

மெர்ரின் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி மழையில் நடந்தாள். இடது பக்கம் நனைந்தது. வலது தோள் நனையவில்லை.

வெள்ளிக்கிழமை பதினாறாம் எண்ணை, அதாவது அவளுடைய படத்தையே, சரிபார்க்கும் வேலை அவளிடமே வந்தது. 'ஆள் அசைந்திருக்கிறார்' என்று கணினி குறிப்பு போட்டிருந்தது. தான் இம்மியும் அசையவில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படிக் குறிப்பு வந்தால் வெட்டாத படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சாதாரணமாக அதை யாரும் பார்ப்பதில்லை. மண்டைக்கு வெளியே தெரிவதை எல்லாம் கணினி வெட்டி எறிந்துவிடும். வெளியே இருப்பது இரைச்சல் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அவளே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

திறந்தாள். முதல் நிமிடத்தில் அவள் தலை மட்டும், ஆழத்தில் இரண்டு பயறு மணி போல ஒளியோடு. பன்னிரண்டாம் நிமிடத்தில் படத்தின் கீழ் ஓரத்தில், படுக்கையின் கால்மாட்டுப் பக்கமிருந்து, ஏதோ ஒன்று உள்ளே வந்தது. முப்பதில் அவள் தோளருகே. நாற்பதில் அதற்கு வட்டம் கூடியிருந்தது. ஐம்பதில் அது ஒரு தலை. சின்னத் தலை. அதற்குள்ளும் ஆழத்தில் இரண்டு பயறு மணிகள். ஊசி போடாத யாருக்கும் ஒளிராத மருந்து, அதற்குள் ஒளிர்ந்தது.

கடைசிப் படத்தில் அது அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவள் கை தானாகவே கோரினின் கோப்பைத் திறந்தது. அதிலும் வெட்டாத படம். முதல் நிமிடத்திலிருந்தே அது இருந்தது, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, வாய் இருக்க வேண்டிய இடம் அவன் காதில். ஐம்பத்தொன்பதாம் நிமிடத்தில் மட்டும் சற்று விலகி, கால்மாட்டைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற நோயாளிகளைத் திறந்தாள். மூன்றாம் எண். இருந்தது. ஏழு. இருந்தது. பத்து, பதின்மூன்று. ஒவ்வொருவருக்கும் ஒன்று. நோயில்லாதவர்களின் படத்தில் ஒன்றுமே இல்லை. வசிலின் நான்காம் எண் கண்ணாடி போலத் துப்புரவாக இருந்தது.

வசிலைக் கீழே வரச் சொன்னாள். அவன் டீக் கோப்பையோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தான்.

"ஏதோ தெரியுது. சிதறல். கம்பியில பட்டுத் திரும்பி வர்ற கதிர்."

"கம்பிக்கு மூளை இருக்கா வசில்?"

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். "இங்க பாரு. வெளிய இருக்கறத ஏன் பாக்கறே? வெட்டிட்டு மேல அனுப்பு. அதுக்குத்தானே வெட்டறோம்."

"நிஜமாவே உனக்குத் தெரியுதுல்ல?"

"அனுப்பிடு மெர்ரின்" என்றான். கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். கதவுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

கோரின் ஃபுட்ஸ்க்ரே புறநகரில், அவனைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் இருந்தான். போனை எடுத்ததுமே அவன் குரல் வேறாக இருந்தது. அந்தத் தெளிவை அவள் பதினோரு வருடமாகக் கேட்டதில்லை.

"மெர்ரின்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். சனிக்கிழமை ஃபுட்டி மேட்ச் பாக்கப் போனேன் தெரியுமா? அறுபதாயிரம் பேரு கத்தறான். அதுல ஒருத்தன்கூட என்னைத் திட்டல."

"அந்த ஆளு?"

"போயிட்டான். சொன்னா நம்ப மாட்டே. மூணு வாரம் ஆச்சு. உங்க இடத்துலேந்து வெளிய வந்தேன், டிராம் ஸ்டாப்புல நின்னேன், ஒரே அமைதி. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"முதல்ல எப்படி வந்தான் உன்கிட்ட?"

"எதுக்கு இப்ப அது?"

"ஆராய்ச்சிக்கு."

"முதல்ல பேச மாட்டான். சும்மா பக்கத்துல படுப்பான். மூச்சு மட்டும் கேக்கும். அப்புறம் உன் பேரைக் கத்துக்குவான், குழந்தை பேசக் கத்துக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா. முழுப் பேரையும் சொல்லிட்டான்னா அவ்வளவுதான், அப்புறம் போக மாட்டான். எனக்கு ஒரு மாசம் ஆச்சு. நீ நல்லா இருக்கேல்ல?"

"நல்லா இருக்கேன்."

"சரி. செவ்வாய்க்கிழமை ரெண்டாவது ஸ்கேனுக்கு வர்றேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன், மிஸ்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரம் கழுவும்போது, வலது காதை ஒட்டி இரண்டு உதடுகள் மூடிக்கொண்டன. 'ம்' என்றன. அவள் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. வானொலியை வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். சமையலறையில் வெயில் அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய புல்லின் வாடை வந்தது. அதற்கு நடுவே மறுபடியும் அது கேட்டது. பொறுமையாக. 'ம். மெ.'

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அது 'மெர்' வரை வந்துவிட்டது.

அவள் ஹெஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். கோரின் என் தம்பி, செவ்வாய்க்கிழமை ஸ்கேனை நிறுத்துங்கள் என்று ஒரே வாக்கியம். வேலை போகும், அவ்வளவுதான். அது அவளோடு தங்கும், அவன் நன்றாக இருப்பான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் தயார் செய்தாள். அவனை அவள் உயிராக நேசித்தாள். அதில் பொய்யே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஹெஸ்டர் கேட்டார், "என்னம்மா, முகமே சரியில்லையே? எல்லாம் ஓகேதானே?"

"ஓகே டாக்டர்" என்றாள்.

கோரின் முகம் மழித்து வந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மடிப்புக் கலையாத நீலச் சட்டை. படுத்துக்கொண்டு, ஹெஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியபோது கண்ணடித்தான். மெர்ரின் வலையை அவன் முகத்தில் பொருத்தி நான்கு பூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். டக். டக். டக். டக். போர்வையை மார்புவரை இழுத்துவிட்டாள். ஹெஸ்டர் ஊசி போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

ஊசி போட்டதும் அறையில் யாரும் நிற்கக் கூடாது. மெர்ரின் நின்றாள்.

காதருகே உதடுகள் பிரிந்தன. 'மெர்ரி'.

ஒரே ஓர் எழுத்து பாக்கி.

அவள் குனிந்தாள். தன் வலது கன்னத்தைத் தம்பியின் வலைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் குளிர்ந்தது. அவனுடைய ஷேவிங் சோப்பு மணத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். போ. போய்விடு. தயவு செய்து. அவள் காதின் வெதுவெதுப்பு ஒரு முறை தயங்கியது. இன்னொரு முறை. பிறகு நழுவியது.

நிமிர்ந்தபோது வலையின் இரண்டு துளைகளுக்குள்ளிருந்து கோரினின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து கதவை மூடினாள்.

அமைதி. கணினி விசிறியின் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், தன் மூச்சு. ஒற்றை மூச்சு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. பசித்தது.

திரையில் முதல் படம் வந்தது. இரண்டு தலைகள்.

"மெர்ரின்." மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியில் கோரின்.

"அசையாதே" என்றாள்.

"இத்தனை நாளா நீதான் வெச்சிருந்தியா?"

அவள் திரையையே பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல. நானே வாங்கிட்டிருப்பேனே." அவன் அழுதான். வலைக்குள் அழுதால் துடைக்க முடியாது. கை எட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் இயந்திரம் நிற்கும், படுக்கை வெளியே வரும், பூட்டுகளைத் திறந்து அவனைத் தூக்கிக்கொண்டு படியேறி வெயிலுக்கு ஓடலாம். திரையில் அடுத்த படம். சின்னத் தலை கோரினின் காதிலிருந்து எழும்பியிருந்தது. கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்து.

ஒலிபெருக்கியில் கோரின் வேறு யாருடனோ பேசினான். தணிந்த குரலில்.

"அங்க போகாதே. வா. இங்கயே இரு. அவ பேரு உனக்கு எதுக்கு? என் பேரு இருக்குல்ல. சொல்லு. கோரின். சொல்லு பாக்கலாம்."

அடுத்த படம். தலை பாதி திரும்பியிருந்தது. அடுத்தது. கன்னத்தோடு கன்னம்.

மெர்ரின் கை நீட்டினாள். பொத்தானைத் தாண்டிப் போய், ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். முழுதாகக் குறைத்தாள். இன்னும் நாற்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் வலைக்குள் அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அசையவே கூடாதவன், போர்வைக்குள்ளிருந்து மெல்லக் கையை வெளியே எடுத்தான். தன் தோளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தலையின் உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றில் அந்தக் கையை வைத்தான். தட்டிக்கொடுக்க ஆரம்பித்தான்.